தாண்டிப் படித்த வரிகள்

வால்பாறை
6 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய தெய்வாத்தாள் அம்மா அவர்களுக்கு,

தோத்திரம். உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் இங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபையில் ஒரு பெண் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். போரில் இறந்த உங்கள் அண்ணன் மருதாசலத்துக்கு உங்கள் தோட்டத்தில் நீங்கள் பூஜை செய்வதை வீட்டில் யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கல்லுக்கு வெள்ளை வேட்டி சாத்தி, 'கல்யாணம் காணாமப் போன கன்னித் தெய்வமே' என்று நீங்கள் கும்பிடுவது தெளிவாகக் கேட்கிறது.

அம்மா, அவர் கல்யாணம் காணாதவர் இல்லை. 1971 மே மாதம், எங்கள் லயன் வீடுகளுக்கு மேலே இருக்கும் ஜெபவீட்டில் அவருக்கும் எனக்கும் கல்யாணம் நடந்தது. பாராசூட் படையில் அவரோடு ஒரே கம்பெனியில் இருந்த சாமுவேல் என் அண்ணன். லீவில் வரும்போது அண்ணன்தான் அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தான். சாமுவேல் அண்ணனும் இப்போது இல்லை.

சொத்து வேண்டாம், பென்ஷன் வேண்டாம். கேட்க வேண்டிய வயதிலேயே நான் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். நீங்கள் அதைச் சொல்லிக் கற்பூரம் காட்டும்போது நான் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. என் போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புக்கரசி


ஆனைமலை
20 ஜனவரி 2025

அன்புக்கரசி என்பவருக்கு,

கடிதம் வந்தது. பொங்கல் வேலையில் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரிக்காமலே இருந்திருக்கலாம்.

நான் போனில் பேசமாட்டேன். கோபம் வந்தால் எனக்குக் குரல் நடுங்கும். அதைப் பயம் என்று எடுத்துக்கொள்வீர்கள்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பெண் பிள்ளைக்கு எதற்கு என்று எங்கப்பன் அனுப்பவில்லை. மருதாசலண்ணன் பட்டாளத்துக்குப் போனதும் கடிதம் வர ஆரம்பித்தது. பெரியண்ணன் நஞ்சுண்டன் அஞ்சாவது படித்தவன். நாலு பக்கக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு 'நல்லா இருக்கானாம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். எனக்கு அது பொறுக்கவில்லை. உரமூட்டை, சினிமா போஸ்டர், கடைப் பொட்டலம் என்று கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் கூட்டிக் கூட்டி நானே படிக்கக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு மருதாசலண்ணன் கடிதத்தை நான்தான் படிப்பேன். வாசலில் கட்டில் போட்டு அப்பன் உட்கார்ந்திருப்பார். அம்மா இருப்பாள். களத்தில் வேலை செய்கிறவர்கள்கூட வந்து நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவன் எனக்கு எழுதாதது ஒன்றும் கிடையாது. ஆக்ராவில் முதல் தடவை விமானத்தில் ஏறினபோது பக்கத்தில் இருந்தவன் தொப்பியில் வாந்தி எடுத்தது, ஓட்டத்தில் பிந்தினதற்கு மணல் மூட்டை தூக்கி மைதானத்தைச் சுற்றினது, பருப்பைக் கண்டாலே ஓடுகிறது, எல்லாம் எழுதுவான். 'கதவுகிட்ட நின்னா நம்ம கெணத்து மேட்டுல நின்ன மாதிரிதான் தெய்வா, தண்ணிதான் கொஞ்சம் தூரமா இருக்குது' என்று எழுதினான். குதிக்கும் முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்பார்களாம். பின்னால் நிற்கிறவன் முன்னால் நிற்கிறவனின் முதுகுப் பட்டையை இழுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் தோளில் தட்டுவானாம். 'நம்ம முதுகு நமக்குத் தெரியாது. பின்னாடி நிக்கறவனை நம்பித்தான் குதிக்கணும்' என்றான். இதையெல்லாம் எழுதினவன் கல்யாணத்தை எழுதாமல் விடுவானா?

எங்கள் ஜனம் உங்கள் ஜனத்தில் பெண் எடுப்பதில்லை. இதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. அண்ணன் பெண்டாட்டியை நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். அப்படி நான் கூப்பிட்டது நஞ்சுண்டன் அண்ணன் சம்சாரம் ஒருத்தியைத்தான். அவளும் போய்விட்டாள். அந்த இடம் காலி என்று யாரும் வரவேண்டாம்.

கல்யாணமாகாமல் செத்தவனுக்குப் பெண்டாட்டி இல்லை. அதனால் உடன்பிறந்தவள்தான் படைக்க வேண்டும். டிசம்பரில் அவன் செத்த நாளன்று கல்லுக்கு விளக்கு வைக்கும்வரை நான் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. என் மகள் பெங்களூரில் புது வீடு குடிபோனது அந்த நாளில் வந்தது. நான் போகவில்லை. இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். இத்தனை வருஷம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? இத்தனைக்கும் பிறகு ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, வார்த்தையை விடு என்கிறீர்கள்.

எங்கள் ஊர் மாசாணியம்மன் கோவிலில் நீதிக்கல் இருக்கிறது. துரோகம் செய்தவர் பேரைச் சொல்லி மிளகாய் அரைத்து அதில் பூசுவோம். எரிய வேண்டியவர்களுக்கு எரியும். உங்கள் பேரைச் சொல்லி என்னை அரைக்க வைக்காதீர்கள்.

தெய்வாத்தாள்


வால்பாறை
3 மார்ச் 2025

தெய்வாத்தாள் அம்மாவுக்கு,

தோத்திரம். போன மாதம் எழுதிய கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஜெபவீட்டுப் பதிவேட்டின் நகலை வைத்திருந்தேன். இந்த முறை வைக்கவில்லை. காகிதத்தை நம்பாதவருக்குக் காகிதத்தைக் காட்டிப் பயன் இல்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் தேயிலைச் சரிவில் ஒரு மேட்டில் என்னை ஏற்றி நிறுத்தி, குதிக்கச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு காலையும் ஒட்டி வைக்க வேண்டும், முழங்காலை லேசாக மடக்க வேண்டும், தாடை நெஞ்சில் பட வேண்டும், தரை தொட்டதும் பக்கவாட்டில் உருள வேண்டும். நான் கையை ஊன்றிவிட்டேன். 'இப்படித்தான் எங்க தெய்வாவும் வைக்கப்போர்ல இருந்து குதிச்சுக் கையை ஊனி, இடது மணிக்கட்டு பெசகிப்போச்சு. ரெண்டு பேருக்கும் தரையை நம்பத் தெரியலை' என்று சிரித்தார். மழைக்காலத்தில் உங்களுக்கு அந்த மணிக்கட்டு இன்னும் வலிக்குமே. வீடியோவில் தட்டை வலது கையில் மட்டும் ஏந்தியிருந்தீர்கள்.

எங்கே இருந்தீர்கள் என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டு வாசலில் இருந்தேன். 1972 மாசி மாதம் சாமுவேல் அண்ணன் ஊருக்கு வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தான். தடுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் உங்கள் அப்பா நின்றார். பக்கத்தில் உங்கள் பெரியண்ணன். சாமுவேல் அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். உங்கள் அப்பா சத்தம் போடவில்லை. 'எங்க பையன் கல்யாணமாகாதவன். தண்ணி குடிச்சுட்டுப் போங்க' என்றார். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஒரு அம்மா சொம்பு கொண்டு வந்து எங்கள் கையில் ஊற்றினார்கள். கையை ஏந்திக் குடித்தோம். அப்போது வீட்டுக்குள்ளே ஒரு பெண் யாருக்கோ பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எழுத்தைக் கடித்துக் கடித்துப் படிக்கிற குரல். வீடியோவில் அதே குரலைக் கேட்டேன்.

என்னைத் தெரியாது என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். தெரியாமல் வைத்திருந்தார்கள்.

அன்புக்கரசி


ஆனைமலை
25 மார்ச் 2025

அம்மணி,

மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டவள் எங்கம்மா.

கடிதம் கிடைத்த மறுநாள் பீளமேட்டுக்குப் பஸ் ஏறினேன். நஞ்சுண்டன் அண்ணன் அங்கே மகன் மதன்குமார் வீட்டில் இருக்கிறான். எண்பது தாண்டிவிட்டது, மூக்கில் ஆக்சிஜன் குழாய். டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கண்ணா, வால்பாறைல இருந்து நம்ம ஊட்டுக்கு ஒரு பொண்ணு வந்துச்சுங்களா?"

"எந்தப் பொண்ணு?"

"மருதாசலண்ணன் பொண்டாட்டி."

டிவி சத்தத்தைக் குறைத்தான். "இப்ப எதுக்கு அது?" என்றான்.

வரவில்லை என்று அவன் சொல்லவில்லை, பாருங்கள்.

"அப்ப நீ சின்னப் புள்ள அம்மணி."

"இருவது வயசு எனக்கு. எனக்கு மாப்ள பாத்துட்டிருந்தீங்க."

"அதுக்குத்தான் சொல்லலை. வெளிய தெரிஞ்சா உன்னை ஆரு கட்டுவா? அதுமில்லாம உன் வாயிக்குப் பயந்தோம். நீ எதையும் உரக்கப் படிக்கறவ. ஊரு பூராக் கேட்டிருக்கும்."

"அம்மாளுக்குத் தெரியுமுங்களா?"

"தண்ணி ஊத்துனதே அம்மாதான."

மதன்குமார் காபியோடு வந்தான். "அத்தை, பிரஷர் ஏறிரும். உடுங்க அத்தை, அம்பது வருசத்துக் கதை" என்றான்.

"உனக்கு அது கதை. நான் பட்டினி கெடந்தது கதையாடா?" என்றேன். காபியைத் தொடவில்லை. அவன் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒன்று புரிந்தது. சாவுத் தந்தி வந்தபோது கல் நடலாம் என்று அப்பனிடம் எவ்வளவோ கெஞ்சினேன். 'ஒடம்பு வராமக் கல்லு நடக்கூடாது' என்று ஒரே பிடிவாதம். தை முழுக்க அழுதேன். திடீரென்று மாசியில் ஒரு நாள் வண்டியில் கல்லைக் கொண்டுவந்து இறக்கினார். 'கல்யாணமாகாதவன், கன்னித் தெய்வமா வெச்சுக் கும்புடலாம். தெய்வா, நீ படை' என்றார். நான் அவர் காலில் விழுந்தேன். என் அழுகைக்கு இரங்கிவிட்டார் என்று இந்த வயது வரை நினைத்திருந்தேன். நீங்கள் வந்து போன பிறகு நட்டிருக்கிறார். அது கல்லே இல்லை அம்மணி. உங்களுக்குப் போட்ட தாழ்ப்பாள். அதற்கு வேட்டி கட்டி, எண்ணெய் தடவி, துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டது நான்.

அவர்கள் மூன்று பேர் மறைத்ததை விடுங்கள். அவர்கள் அப்படிப்பட்டவர்கள். அவன் ஏன் மறைத்தான்? கல்யாணம் மே மாதம் என்கிறீர்கள். டிசம்பர் வரை எனக்குக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. வங்காளத்து எல்லையில் கொசு பெரிசு என்றுகூட எழுதினான். கொசுவை எழுதினவனுக்கு இதை எழுத இடமில்லையா? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் இனி எழுத வேண்டாம்.

தெய்வாத்தாள்


வால்பாறை
12 ஏப்ரல் 2025

தெய்வாத்தாள் அம்மாவுக்கு,

தோத்திரம். இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். காரணம் எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான். 'உங்க தங்கச்சிக்காவது எழுதுங்களேன்' என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'தெய்வாவுக்கு எழுத முடியாது. எழுதினா அவளே அதை அப்பன் முன்னாடி உரக்கப் படிக்கணும். எனக்காகப் படிக்கக் கத்துக்கிட்டவ அவ. அந்த வாயால அதைச் சொல்ல வைக்கக் கூடாது. தை மாசம் லீவுல வந்து, கெணத்து மேட்டுல அவளைத் தனியா நிறுத்திச் சொல்லிப்போடறேன். மொதல்ல அடிப்பா. அப்பறம் அந்த ஊட்டுல எம்பக்கம் நிக்கறது அவ ஒருத்திதான்.'

அந்தத் தை மாதம் வரவில்லை.

அவர் முடிவையும் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லோரும் குதித்தது பொழுது சாயும் நேரத்தில். சாமுவேல் அண்ணன்தான் அவருக்குப் பின்னால் நின்று பட்டையைப் பார்த்துத் தோளில் தட்டினவன். அவர் ஒரு குளத்தில் விழுந்து, தலையெல்லாம் ஆகாயத்தாமரையோடு சிரித்துக்கொண்டே கரையேறினாராம். ஒரு பாலத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. விடியும் நேரத்தில் எதிரிகள் வந்தார்கள். பாலத்தின் நடுவில் காலில் குண்டுபட்டு ஒருவன் கிடந்தான். இவர் போய் அவனைப் பாதி தூரம் இழுத்து வந்தார். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். இவருக்குக் கழுத்தில் பட்டது. அண்ணன்தான் கண்ணை மூடிவிட்டிருக்கிறான். அங்கேயே எரித்தார்கள்.

'என் கை தட்டினப்போ பட்டையெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு' என்று சாகும்வரை என் அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தான். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. இருந்தாலும் சொல்வான்.

அன்புக்கரசி


ஆனைமலை
5 மே 2025

அம்மணி,

படித்தேன். மனசுக்குள் படித்தேன்.

உரக்கப் படித்தேன் என்பதற்காக எனக்குச் சொல்லவில்லையாம். இருப்பதையெல்லாம் அப்படியே படித்தேன் என்று அவனுக்கு யார் சொன்னது?

ஒரு தடவை ஒரு பஞ்சாபிப் பையனுக்குப் பாராசூட் விரியாமல் இவன் கண் முன்னால் வந்து விழுந்தான் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். அம்மா பக்கத்தில் இருந்தாள். 'இங்கே குளிர் ஜாஸ்தி' என்று படித்தேன். ராணுவத்தில் ரம் கொடுக்கிறார்கள், குடிக்கிறேன் என்று எழுதினான். 'பால் கொடுக்கிறார்கள்' என்று படித்தேன். அப்பன் தோட்டத்தை நஞ்சுண்டனுக்கே எழுதிக்கொடுக்கட்டும், அந்த மனுஷன் முகத்தில் முழிக்கவே பிடிக்கவில்லை என்று எழுதினான். 'அப்பாவை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்' என்று படித்தேன். அப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். இப்படி எத்தனையோ வரி. இங்கே கண்ணில் ஓட்டி, அங்கே வாயில் மாற்றி, தடுமாறாமல் படிப்பேன். படிப்பே இல்லாதவள் அதைப் பழகுவதற்கு என்ன பாடுபட்டிருப்பேன்?

அவன் கல்யாணத்தையும் தாண்டிப் படித்திருப்பேன். 'இங்கே மழை' என்று படித்துவிட்டு, மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடுகிற சாக்கில் கட்டுத்தறிக்குப் போய் அழுதிருப்பேன். நீங்கள் வாசலுக்கு வந்த அன்று கையில் இருந்த பேப்பரைப் போட்டுவிட்டு வெளியே வந்திருப்பேன். சோற்றைப் போட்டிருப்பேனா, செருப்பால் அடித்திருப்பேனா, அது தெரியாது. வெளியே வந்திருப்பேன்.

தாண்டிப் படிக்கிறேன் என்று அவனிடம் சொல்லவும் வழி இல்லை. என் பதிலையும் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியதைப் படி என்று கேட்டுத்தான் தபாலில் போடுவார். பின்னாடி நிற்கிறவனை நம்பித்தான் குதிக்கணும் என்று எனக்கே எழுதினானே. அவனுக்குப் பின்னால் நான்தான் நின்றேன் அம்மணி. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அமாவாசைக்கு மாசாணி கோவிலுக்குப் போனேன். மிளகாயை அம்மியில் வைத்துக் குழவியைப் பிடித்தேன். யார் பேரைச் சொல்வது? உங்கள் பேர் வரவில்லை. அப்பனும் அம்மாவும் சாம்பல். நஞ்சுண்டன் குழாயில் மூச்சு விடுகிறான், அவனுக்கு அதற்கு மேல் என்ன எரிய வேண்டும்? வாய் தானாக 'மருதாசலம்' என்றது. நிறுத்தவில்லை. இடது கை வலிக்க வலிக்க அரைத்தேன். பக்கத்தில் அரைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, "ஆரு பெத்த பாவியோ, நல்லா எரியட்டுமுங்க அக்கா" என்றாள். அவள் கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது.

நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்தேன். பூசினதைக் குளிரவைக்க, பிறகு போய் எண்ணெய் ஊற்ற வேண்டும். அரைத்தவள் ஊற்றுவதுதான் வழக்கம். நான் ஊற்றமாட்டேன். மனசில்லாமல் ஊற்றினால் குளிராது. அவனுக்குப் பெண்டாட்டி உண்டென்றால் அவள் வந்து ஊற்றட்டும். இல்லையென்றால் எரியட்டும்.

தெய்வாத்தாள்


வால்பாறை
19 மே 2025

தெய்வாத்தாள் அம்மாவுக்கு,

தோத்திரம். உங்கள் கோவிலில் எனக்கு வேலை இல்லை. எங்கள் பாஸ்டருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார். செத்தவர் எரிவார் என்பதையும் நான் நம்பவில்லை. அவர் எனக்கு எந்தத் துரோகமும் செய்யவில்லை. குளிரவைக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று எழுதி, கவரும் ஒட்டிவிட்டேன்.

பிறகு கிழித்துப் போட்டேன். ஆயுள் முழுக்க நர்ஸ் வேலை பார்த்தவள் நான். எரிகிறது என்று ஒருவர் சொன்ன பிறகு சும்மா படுத்திருக்க முடியவில்லை. எரிவது அவருக்கு இல்லை, உங்களுக்கு என்பது எனக்குத் தெரியும்.

வாரேன். நாள் சொல்லுங்கள். நல்லெண்ணெய் நான் வாங்கி வரட்டுமா, அங்கேயே கிடைக்குமா?

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிக்க இனி என்னால் ஆகாது. கை நடுங்குகிறது. சிந்திவிடும்.

அன்புக்கரசி


ஆனைமலை
26 மே 2025

நங்கையாவுக்கு,

செவ்வாய், வெள்ளி கூட்டம் தாங்காது. வருகிற வாரம் புதன்கிழமை வாங்க. பொள்ளாச்சியில் இறங்கி ஆனைமலை பஸ் ஏறுங்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். எண்ணெய் இங்கேயே கிடைக்கும். உங்கள் பணத்தில் நீங்கள்தான் வாங்க வேண்டும்.

தண்ணீர் கொண்டு வருவேன். எங்கம்மாவின் சொம்பு என்னிடம்தான் இருக்கிறது. அதை உங்கள் கையில் கொடுப்பேன். அண்ணாந்து குடிக்க வேண்டாம், வாய் வைத்தே குடியுங்கள்.

டிசம்பரில் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டேன். ஆனால் பெண்டாட்டி வந்துவிட்டாள் என்று படைக்கிற உரிமையைக் கேட்காதீர்கள். அதைக் கொடுக்கமாட்டேன்.

அவனை நான் மன்னித்துவிட்டேன் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நீதிக்கல்லுக்குப் போகிற வழி குறுகலாக இருக்கும், வரிசையில்தான் விடுவார்கள். நீங்கள் முன்னால் நில்லுங்கள். நான் பின்னால் நிற்கிறேன்.

தெய்வாத்தாள்